வண்டி தருவார்கள், டீசல் தரமாட்டார்கள்: கிராம ஆம்புலன்ஸுக்கு அரசு நிதி கேட்பவர்களுக்கு

அரசு மருத்துவமனைகளின் பின்பக்கம் போய்ப் பார்த்தால், டயர் இறங்கி, கண்ணாடியில் தூசி படிந்து நிற்கும் ஆம்புலன்ஸ் ஒன்றாவது கண்ணில் படும். பக்கவாட்டில் எந்த நிதியில், எந்த ஆண்டில் வாங்கியது என்ற எழுத்து மட்டும் பளிச்சென்று இருக்கும். அது எஞ்சின் கெட்டதால் நிற்பது அபூர்வம். இன்சூரன்ஸ் தேதி முடிந்திருக்கும், அல்லது டிரைவருக்குச் சம்பளம் கொடுக்க ஆள் இருக்காது. வண்டி வாங்கத்தான் அரசு நிதி கிடைக்கிறது, ஓட்டுவதற்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தால் கீழே உள்ள ஒவ்வொரு படிக்கும் காரணம் தானாகப் புரியும். தமிழ்நாட்டில் ஒரு ஊராட்சியோ அறக்கட்டளையோ ஊர் இளைஞர் சங்கமோ இந்த வேலையில் இறங்கினால் செய்ய வேண்டியவை இவை.

1. உண்மையில் என்ன குறை என்று எண்ணிப் பாருங்கள்

2008 செப்டம்பரிலிருந்து மாநிலம் முழுவதும் 108 ஓடுகிறது. கட்டணம் கிடையாது. விபத்து, மாரடைப்பு, பிரசவ வலி எல்லாவற்றுக்கும் அதுதான் முதல் அழைப்பு. உங்கள் வண்டி அதோடு போட்டி போடக் கூடாது, போட்டி போடவும் முடியாது.

மனு எழுத உட்காருவதற்கு முன் மூன்று மாதம் ஒரு நோட்டு போடுங்கள். கிராம சுகாதார செவிலியரிடமும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பேசி வைத்தால் தகவல் வந்துகொண்டே இருக்கும். தேதி, என்ன நோவு, எத்தனை மணிக்குக் கூப்பிட்டார்கள், எத்தனை மணிக்கு வண்டி வந்தது, எந்த ஆஸ்பத்திரி, திரும்பி வந்தது எப்படி, எவ்வளவு செலவு. இந்த ஏழும் போதும். கடைசி இரண்டையும்தான் எல்லோரும் எழுத மறக்கிறார்கள். பல ஊர்களில் பிரச்சினையின் மையமே அங்கேதான் இருக்கிறது.

நோட்டைப் புரட்டும்போது இரண்டு விதமான குறை தெரியும். 108 வர முக்கால் மணி நேரம் ஆகிறது என்பது ஒன்று. அதற்குத் தீர்வு சொந்த வண்டி அல்ல, 108 வண்டி நிற்கும் இடத்தை மாற்றுவது அல்லது கூடுதலாக ஒன்று கேட்பது. தேதியும் நேரமும் போட்ட பட்டியலோடு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு கொடுங்கள். அருகிலுள்ள 108 நிலையம் எது, அங்கிருந்து உங்கள் ஊருக்கு வந்த நேரங்கள் என்ன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். ஒரு லட்சம் பேருக்கு அடிப்படை உயிர்காப்பு வண்டி ஒன்று, ஐந்து லட்சம் பேருக்கு உயர்நிலை வண்டி ஒன்று என்பது தேசிய சுகாதார இயக்கத்தின் கணக்கு. அந்தக் கணக்கை உங்கள் ஒன்றியத்தின் மக்கள்தொகையோடு ஒப்பிட்டு மனுவில் ஒரு வரி சேருங்கள்.

இரண்டாவது விதம் வேறு. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் போகிறவர், காலில் மாவுக்கட்டு போட்டு டிஸ்சார்ஜ் ஆனவர், படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவரைப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டியவர். இவர்களுக்கு 108 வராது. அது அவசரத்துக்கான வண்டி, வராதது நியாயம்தான். பேருந்தில் ஏற முடியாது, கார் வாடகை கட்டாது. கிராமத்தில் ஒரு தனி வண்டிக்கு உண்மையான வேலை இருப்பது இங்கேதான். (பிரசவித்த தாயையும் குழந்தையையும் வீட்டில் கொண்டுவிட 102 இருக்கிறது. இறந்தவர் உடலுக்கு 155377 இலவச அமரர் ஊர்தி. இந்த இரண்டு எண்ணையும் ஊரில் எழுதி ஒட்டினாலே கேட்கப்படும் சவாரிகளில் ஒரு பங்கு குறைந்துவிடும்.)

2. எந்த வகை வண்டி

ஏ.ஐ.எஸ். 125 என்ற தரவிதி ஆம்புலன்ஸை நான்கு வகையாகப் பிரிக்கிறது. ஏ என்பது முதல் உதவியாளர் வரும் வண்டி, பைக் ஆம்புலன்ஸ் மாதிரி. பி நோயாளியைப் படுக்க வைத்துக் கொண்டுபோகும் வண்டி. சி அடிப்படை உயிர்காப்பு வசதி உள்ளது. டி வென்டிலேட்டர், இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் டிஃபிப்ரிலேட்டர் எல்லாம் உள்ள உயர்நிலை வண்டி.

ஊர்க்காரர்கள் கேட்பது எப்போதும் டி. நன்கொடை கொடுப்பவர்களுக்கும் அதுதான் பிடிக்கும், படத்தில் கம்பீரமாக இருக்கிறது. ஆனால் வென்டிலேட்டரை இயக்கத் தெரிந்த ஆள் 24 மணி நேரமும் வண்டியில் இருந்தால்தான் அது டி வகை. ஆள் இல்லாவிட்டால் அது விலை அதிகமான பி வகை, அவ்வளவுதான். மேலே சொன்ன இரண்டாவது விதக் குறைக்கு பி போதும். மலையிலோ காட்டிலோ இருந்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு இரண்டு மணி நேரம் ஆகும் என்றால் சி பற்றி யோசிக்கலாம்.

வேனை வாங்கி ஊர்ப் பட்டறையில் ஸ்ட்ரெச்சர் பொருத்திக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆம்புலன்ஸாகப் பதிவு செய்ய அந்த மாடலுக்கு ஏ.ஐ.எஸ். 125 படி அனுமதிச் சான்று வேண்டும். அது இல்லாத வண்டி ஆர்.டி.ஓ. ஆபீஸில் மாட்டிக்கொள்ளும்.

3. மாதக் கணக்கு போடுங்கள்

மனுவுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகளில் பெரியது இது. கீழே உள்ளது மாதிரிக் கணக்கு. சம்பளத்தையும் எரிபொருள் விலையையும் உங்கள் ஊர் நிலவரப்படி மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

24 மணி நேர சி வகை வண்டி, மாதம் 60 சவாரி, போய்வர சராசரி 50 கிலோமீட்டர் என்றால் 3,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுத்தால் 300 லிட்டர் டீசல், சுமார் 28,000 ரூபாய். 12 மணி நேர ஷிஃப்டுக்கு இரண்டு டிரைவர், மாற்றாள் ஒருவர், ஆளுக்கு 18,000 வீதம் 54,000. மருத்துவ உதவியாளர் மூன்று பேர், ஆளுக்கு 20,000 வீதம் 60,000. ஆக்சிஜன், கையுறை, பஞ்சு போன்றவை 6,000. இன்சூரன்ஸ், எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), சர்வீஸ், டயர் இவற்றுக்கு மாதாமாதம் ஒதுக்கி வைக்க வேண்டியது 12,000. மொத்தம் 1,60,000. கிலோமீட்டருக்கு 53 ரூபாய்.

பகலில் மட்டும் ஓடும் பி வகைச் சின்ன வேனைப் பாருங்கள். மாதம் 2,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 14 கிலோமீட்டர் என்றால் 143 லிட்டர் பெட்ரோல், சுமார் 14,400 ரூபாய். டிரைவர் 18,000. நான்கு நாள் மாற்று டிரைவருக்கு 3,200. கூடப் போகும் உதவியாளர் 12,000. பராமரிப்பு ஒதுக்கீடு 7,000. மொத்தம் 54,600. கிலோமீட்டருக்கு 27 ரூபாய்.

இரண்டுக்கும் நடுவில் மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் வித்தியாசம். சி வகைக்கே இவ்வளவு என்று இந்தக் கணக்கைக் கூட்டத்தில் சத்தமாகப் படித்துக் காட்டினால் டி வகைதான் வேண்டும் என்ற பேச்சு அடங்கிவிடும்.

கட்டணம் வாங்குவதாக இருந்தால் ஒரு இடறல் உண்டு. வண்டி ஓடும் தூரத்தில் பாதி வெறும் வண்டியாகத்தான் ஓடும். நோயாளி ஏறியிருந்த தூரத்துக்கு மட்டும் 27 ரூபாய் வாங்கினால் செலவில் பாதிதான் வரும். போய்வரும் தூரம் முழுவதற்கும் கணக்கிட வேண்டும், இல்லையென்றால் மீதியை ஊர் ஏற்க வேண்டும். ஆம்புலன்ஸில் நோயாளியைக் கொண்டுபோகும் சேவைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது.

4. வண்டி யார் பெயரில்

பாதி விண்ணப்பங்கள் இந்தக் கேள்வியில்தான் முட்டி நிற்கின்றன. எம்.பி. தொகுதி மேம்பாட்டு நிதியில் வாங்கும் ஆம்புலன்ஸ் அரசின் சொத்து. ஆர்.சி. புத்தகம் மாவட்ட நிர்வாகம் அல்லது சுகாதாரத் துறை அதிகாரி பெயரில் இருக்கும். ஓட்டும் பொறுப்பை மட்டும் ஒப்பந்தம் போட்டு அறக்கட்டளையிடம் விடலாம். எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதியிலும் அரசு மருத்துவமனை அல்லது ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு என்று கேட்பதுதான் வழக்கம். “எங்கள் டிரஸ்டுக்கு வண்டி வாங்கித் தாருங்கள்” என்று எழுதிய மனு அதே வரியில் தோற்றுவிடும்.

அறக்கட்டளை பெயரிலேயே வண்டி வேண்டும் என்றால் அதற்கு வழி நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி, அதாவது சி.எஸ்.ஆர். கம்பெனிச் சட்டம் 135-ஆம் பிரிவின்படி பெரிய நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும். அந்தப் பணத்தில் வாங்கிய சொத்தை, சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவு பெற்ற அறக்கட்டளை வைத்துக்கொள்ளலாம். முக்கியமாக, சி.எஸ்.ஆர். நிதி சம்பளத்துக்கும் டீசலுக்கும் உதவும். தொடர் திட்டம் என்று எடுத்துக்கொண்டால், தொடங்கிய ஆண்டு நீங்கலாக மூன்று ஆண்டு வரை நீளலாம். ஆகவே நடைமுறைக்கு ஏற்ற சேர்க்கை இதுதான்: வண்டிக்கு எம்.பி. நிதி, முதல் மூன்று ஆண்டு வண்டி ஓட்டும் செலவுக்கு சி.எஸ்.ஆர்., அதற்குள் ஊர்ச் சந்தா நிலைப்பட வேண்டும்.

5. யாரிடம் கேட்பது

எம்.பி. ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். மக்களவை உறுப்பினர் தன் தொகுதிக்குள் பரிந்துரைப்பார். மாநிலங்களவை உறுப்பினர் மாநிலத்தில் எந்த மாவட்டத்துக்கும் பரிந்துரைக்கலாம். தமிழ்நாட்டுக்கு மாநிலங்களவையில் 18 பேர் இருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் அவர்களை நினைப்பதே இல்லை. தொகுதி எம்.பி.யின் நிதி சாலைக்கும் சமுதாயக் கூடத்துக்கும் போய்விட்டால் அடுத்த மனு இவர்களுக்குப் போகட்டும்.

ஆண்டு நிதியில் 15 சதவீதம் பட்டியல் சாதியினர் வாழும் பகுதிகளுக்கும், 7.5 சதவீதம் பழங்குடியினர் பகுதிகளுக்கும் என்று கணக்கு இருக்கிறது. உங்கள் வண்டி சேவை செய்யப்போகும் குடியிருப்புகளில் இவர்களின் எண்ணிக்கை கணிசமாக இருந்தால், ஊர் ஊராக எழுதிக் கொடுங்கள். அந்த ஒதுக்கீட்டில் வேலை தேடிக்கொண்டிருக்கும் எம்.பி. அலுவலகங்கள் உண்டு.

எம்.எல்.ஏ.வுக்கு ஆண்டுக்கு 3 கோடி. தொகுதி சிறியது, ஆளை நேரில் பார்ப்பதும் எளிது. ஆனால் அந்த 3 கோடிக்கு வரிசையில் நிற்பவர்களும் அதிகம். நிதியாண்டின் தொடக்கத்தில், ஏப்ரல் மே மாதங்களில் கேட்பது நல்லது.

எந்த நிதியானாலும் தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் புதிய வேலை எதுவும் தொடங்காது. கொடுத்த மனு அப்படியே கிடக்கும். நாட்காட்டியைப் பார்த்துக் கொடுங்கள்.

6. மனுவும் இணைப்புகளும்

மனு இரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது. முதல் பத்தியிலேயே எந்த வகை வண்டி, யார் பெயரில், எங்கே நிற்கும், யார் ஓட்டுவார்கள் என்று நான்கு பதிலும் வந்துவிட வேண்டும். அடுத்து நோட்டுக் கணக்கின் சுருக்கம். பிறகு வண்டி ஓட்டும் மாதச் செலவும் அதற்குப் பணம் வரும் வழியும்.

இணைக்க வேண்டியவற்றில் கனமானது மருத்துவத் துறையின் சம்மதக் கடிதம். அரசு மருத்துவமனை என்றால் நலப்பணிகள் இணை இயக்குநர், ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் மாவட்ட சுகாதார அலுவலர், “வண்டியை எங்கள் பெயரில் ஏற்கச் சம்மதம்” என்று எழுதித் தர வேண்டும். இதை முன்னதாக வாங்காவிட்டால், எம்.பி. பரிந்துரைத்த பிறகு கோப்பு கலெக்டர் ஆபீஸிலிருந்து அவர்கள் மேசைக்குப் போய், டிரைவர் பணியிடம் எங்கே என்ற ஒரு கேள்வியோடு திரும்பி வரும். வண்டி ஓட்டும் செலவை ஏற்பதாக அறக்கட்டளை முத்திரைத்தாளில் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழியைக் காட்டினால் அந்தச் சம்மதம் சீக்கிரம் கிடைக்கும்.

இது போக, கிராம சபைத் தீர்மான நகல், அறக்கட்டளைப் பத்திரம், பான், வருமான வரி விலக்குக்கான 12ஏ மற்றும் 80ஜி சான்றுகள், நிதி ஆயோக்கின் தர்பண் எண் (தொண்டு நிறுவனப் பதிவு எண்), மூன்றாண்டுத் தணிக்கை அறிக்கை. தீர்மானத்தில் “ஆம்புலன்ஸ் வேண்டும்” என்று மட்டும் எழுதாமல், நிறுத்த இடமும் மின் இணைப்பும் ஊராட்சி தரும் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

கொட்டேஷனில் நடக்கும் தவறுகள் இரண்டு. பழைய கொட்டேஷனைப் போடுவது ஒன்று. 2025 செப்டம்பர் 22 முதல் ஆம்புலன்ஸ் வண்டிக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முந்தைய மதிப்பீட்டை வைத்தால் தொகை தவறும், கோப்பு திரும்பும். இன்னொன்று, கம்பெனி பெயரைச் சொல்லி இந்த வண்டிதான் வேண்டும் என்று எழுதுவது. வாங்கப்போவது அரசு. டெண்டர் வழியாகவோ அரசு மின்சந்தை வழியாகவோதான் வாங்கும். கம்பெனி பெயர் எழுதினால் தணிக்கையில் கேள்வி வரும் என்று பயந்து ஓரம் வைத்துவிடுவார்கள். வகை, இருக்கை எண்ணிக்கை, ஏ.சி., ஸ்ட்ரெச்சர் வகை, உபகரணப் பட்டியல் என்று தேவையை மட்டும் எழுதுங்கள்.

பரிந்துரை போன பிறகு கோப்பு மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையில் இருக்கும். நிர்வாக அனுமதி ஆணை எண் கிடைக்கும் வரை வாரம் ஒரு முறை போய்க் கேட்பதில் வெட்கமில்லை. எம்.பி. அலுவலகத்தில் “கையெழுத்து ஆயிற்று” என்று சொன்னதை நம்பிப் பொன்னாடை வாங்கிவிடாதீர்கள்.

7. ஒப்பந்தம்

சாவி கைக்கு வரும் முன்பே ஓட்டும் ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும். விழா நடத்தி வண்டியைக் கொடுத்துவிட்டு, ஒப்பந்தம் பிறகு பார்க்கலாம் என்று விட்டால் முதல் விபத்திலேயே சிக்கல்தான். இன்சூரன்ஸ் பிரீமியம் யார் கட்டுவது, விபத்து இழப்பீட்டு வழக்கில் யார் பொறுப்பு, கிலோமீட்டருக்கு என்ன கட்டணம், யாருக்கு இலவசம், கணக்கு எப்போது காட்ட வேண்டும், எத்தனை நாள் நோட்டீஸில் வண்டியைத் திருப்பி ஒப்படைக்கலாம், இவை எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

ஆர்.சி. அதிகாரி பெயரில் இருப்பதால் இன்சூரன்ஸ் முடிவது, எஃப்.சி. முடிவது பற்றிய தகவல் எல்லாம் அந்த ஆபீஸுக்கே போகும். வண்டி ஓட்டும் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. அதிகாரி மாறியிருப்பார், கடிதம் எங்கோ கோப்பில் இருக்கும். ஆகவே டிரைவர் கதவின் உள்பக்கம் இன்சூரன்ஸ், எஃப்.சி., புகைச்சான்று மூன்றின் கடைசித் தேதியையும் பெரிய எழுத்தில் ஒட்டி வையுங்கள். எஃப்.சி. முதல் எட்டு ஆண்டுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. ஆம்புலன்ஸாக மட்டும் ஓடும் வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை.

டிரைவர் விஷயத்தில் ஒன்று. 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தை எல்.எம்.வி. (இலகுரக வாகன) உரிமம் உள்ளவர் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இருந்தாலும் கூட்டமான ரோட்டில் கனமான வண்டி ஓட்டிப் பழகியவரையே எடுங்கள். சைரன் போட்டவுடன் வேகம் கூட்டுகிறவர் வேண்டாம்.

8. வண்டி வந்த அன்று

பூசணிக்காய் உடைப்பதற்கு முன் அரை மணி நேரம் எடுத்துச் சரிபாருங்கள். ஆணையில் உள்ள உபகரணப் பட்டியலைக் கையில் வைத்து ஒவ்வொன்றாக டிக் அடியுங்கள். ஸ்ட்ரெச்சரில் ஒரு ஆளைப் படுக்க வைத்து இறக்கி ஏற்றுங்கள். தரையில் உள்ள பூட்டு “டக்” என்று விழுகிறதா என்று கேளுங்கள். விழாவிட்டால் முதல் பிரேக்கிலேயே ஸ்ட்ரெச்சர் முன்னால் ஓடும்.

ஆக்சிஜன் சிலிண்டருக்கு அருகில் போங்கள். பி டைப் சிலிண்டர் (இந்த ‘பி’ சிலிண்டரின் அளவு, வண்டி வகை அல்ல) நிரம்பியிருந்தால் சுமார் 1,500 லிட்டர் வாயு. நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் விட்டால் 150 நிமிடம். மீட்டர் முள் பாதியில் இருந்தால் 75 நிமிடம். உங்கள் ஊரிலிருந்து மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் பாதி சிலிண்டரோடு கிளம்பவே கூடாது. வால்வைத் திறக்கும் சாவியை ஒரு சங்கிலி போட்டு சிலிண்டர் தாங்கியிலேயே கட்டிவிடுங்கள். ரெகுலேட்டர் வாஷர் இரண்டு கூடுதலாக வைத்திருங்கள். இரவில் “ஆக்சிஜன் இல்லை” என்று சொல்லப்படும் சம்பவங்களில் சிலிண்டர் நிறைந்தே இருக்கும், சாவிதான் டிரைவரின் சட்டைப்பையில் வீட்டுக்குப் போயிருக்கும். சிலிண்டரின் தோளில் பொறித்த சோதனைத் தேதியையும் பாருங்கள், ஐந்து ஆண்டு தாண்டியிருந்தால் நிரப்பித் தரமாட்டார்கள்.

பின்பக்க விளக்கும் இன்வெர்ட்டரும் அணைக்காமல் நின்றால் இரண்டே நாளில் பேட்டரி இறங்கிவிடும். நிறுத்தும் இடத்தில் ஒரு 15 ஆம்பியர் பிளக் பாயின்ட் இருக்கட்டும்.

9. கணக்குப் புத்தகம்

லாக் புத்தகத்தில் ஒரு வரி இப்படி இருக்க வேண்டும்: தேதி, கிளம்பிய மணி, மீட்டர் 14,212, நோயாளி ஏறிய இடத்தில் 14,219, ஆஸ்பத்திரியில் 14,243, திரும்பி 14,274, பெயர், காரணம், ரசீது எண் அல்லது “இலவசம்”, டிரைவர் கையெழுத்து. நான்கு மீட்டர் எண் எதற்கு என்று டிரைவர் முணுமுணுப்பார். இந்தச் சவாரியில் 62 கிலோமீட்டரில் நோயாளி இருந்தது 24 மட்டும் என்பது அதிலிருந்துதான் தெரிகிறது. கட்டணம் சரியா என்று ஆறு மாதம் கழித்துப் பார்க்க வேறு ஆதாரம் கிடையாது.

நிதி எதுவானாலும் பயன்பாட்டுச் சான்று தணிக்கையாளர் கையெழுத்தோடு நேரத்துக்குப் போக வேண்டும். மத்திய அரசு மானியத்துக்கு அது 12-ஏ படிவம் (மேலே சொன்ன 12ஏ வரிச் சான்று வேறு). ஒரு முறை தவறினால் அடுத்த மானியம் நிற்கும்.

கடைசியாக ஒரு தேதியைக் குறித்து வையுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல், அரசுக்குச் சொந்தமான வண்டிக்கு 15 ஆண்டு ஆனால் பதிவைப் புதுப்பிக்க மாட்டார்கள், எவ்வளவு நன்றாக ஓடினாலும் கழித்துவிடத்தான் வேண்டும். பதிவான ஆண்டோடு 13-ஐக் கூட்டுங்கள். அடுத்த வண்டிக்கான மனுவை அந்த ஆண்டு ஏப்ரலில் கொடுத்தாக வேண்டும், அதுவரை எழுதிய லாக் புத்தகங்கள் எல்லாம் அந்த மனுவின் இணைப்பு.